றொபினுக்குக் கலைக்கத் தெரியாது

என் நாயை, என்னிடம் ஒரு வார்த்தை கேளாமல், கிறகரி இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். கிறகரி வேறு யாருமில்லை, என்னைக் கட்டியவர்தான். கொடுத்தது நறுவிலிக்குளத்தில் மாடு வளர்க்கும் சீவரத்தினத்துக்கு. ஞாயிறு பூசை முடிய வந்து ஏற்றிப்போவாராம்.

றொபின் எங்கள் ஊர் பேசாலைக்கு வந்து பத்து நாள்தான். அக்காவின் மகள் ஜெஸ்லியா இத்தாலிக்குப் போகும்போது கொழும்பிலிருந்து கொண்டுவந்து விட்டாள். செம்மறி மேய்க்கும் சாதி. கழுத்தைச் சுற்றிச் சாண் நீளத்துக்கு மயிர்.

"சரிவந்தா வைச்சிருங்கோ சின்னம்மா. சரிவராட்டி ஆரும் நல்ல ஆக்களாப் பாத்துக் குடுங்கோ."

சரிவராது என்று முதல் நாளே தீர்ப்புச் சொன்னவர் பெற்றிசியா மச்சாள், கிறகரியின் அக்கா. அடுத்த வளவில் இருந்துகொண்டு எங்கள் வீட்டை ஆள்கிறவர்.

"இந்த வெயிலுக்குக் கம்பளி போத்தின நாயே? கருவாட்டில ஒரு மயிர் கிடந்தா ஆரடி வாங்குவினம்?"

எல்லாவற்றுக்கும் வழி செய்தேன். விடியுமுன் பின்வளவில் வைத்து வாரி, வந்த மயிரைப் பையில் போட்டுக் கட்டினேன். வெயில் ஏறினால் வேப்பமரத்தடியில் ஈரச்சாக்கு. மொட்டையடித்தால் சூடு தெரியாது என்று கிறகரி கத்தரிக்கோலோடு வந்தார். "தொட்டுப் பாருங்கோ, பிறகு தெரியும்" என்றேன். தொடவில்லை.

புதன்கிழமைதான் எல்லாம் கெட்டது. பழைய வலையை மணலில் விரித்து நெத்தலி காயப்போட்டிருந்தேன். ஊருக்குள் சும்மா திரியும் கழுதைகள் மத்தியானத்தில் எங்கள் வேம்பின் நிழலுக்கு வரும். கருவாட்டை மிதித்துக்கொண்டுதான் வரும். நாய் என்றால் குரைத்துத் துரத்திக் கலைக்கும்தானே! எங்கள் ஊர் நாய்கள் எல்லாம் கலைக்கும். அதை நம்பி, "றொபின், கலை!" என்றேன்.

பாய்ந்தான். ஒரு குரைப்பு இல்லை. பெரிய வட்டமாகச் சுற்றிக் கழுதைகளுக்குப் பின்னால் போனான். ரோட்டில் நின்றது, பனைகளுக்குள் நின்றது எல்லாவற்றையும் சேர்த்து, பதினொன்றையும் நேரே என் காலடிக்குக் கொண்டுவந்து விட்டான். நெத்தலிக்கு மேலால். பிறகு, பெரிய சாதனை செய்தவன்போல் வாலை ஆட்டினான்.

ஊரே சிரித்தது. அன்று பின்னேரமே கிறகரி சீவரத்தினத்துக்குப் போன் எடுத்தார்.

எனக்கு அழுகை வந்தது. கவலையில் இல்லை, கோபத்தில். கலியாணம் முடித்து இருபத்தாறு வருடம். படகுக்கு என்ன பெயின்ற், பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம், யன்னலுக்கு என்ன சீலை, எல்லாம் அக்காவும் தம்பியும் பேசி முடிப்பார்கள். நான் தலையாட்டுவேன். இந்த நாய் ஒன்றைத்தான் வேண்டும் என்று வாய் திறந்து சொன்னேன். அதையும் விட்டுக்கொடுக்க நான் என்ன மரக்கட்டையா?

ஜெஸ்லியாவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

"ஐயோ சின்னம்மா, அவனுக்குக் கலைக்கத் தெரியாது!" என்று சிரித்தாள். "கூட்டிக்கொண்டு வரத்தான் தெரியும். நீங்கள் எங்க நிக்கிறீங்களோ, அங்க கொண்டு வருவான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோசனை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. வலையில் சனிக்கிழமை மீன் காய்ந்துகொண்டிருந்தது. பூசைச் சீலையைக்கூட நான் இன்னும் மாற்றவில்லை, சீவரத்தினம் பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் வந்து இறங்கினார். கையில் சங்கிலி. அந்த நேரம் பார்த்துப் பனைப்பக்கமிருந்து கழுதைகளும் வந்தன.

"நாயைப் பிடி, யசிந்தா!" என்று கத்தினார் கிறகரி.

நான் பிடிக்கவில்லை. சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரோட்டைக் கடந்து, எதிரே இருந்த வெறும் வளவுக்கு ஓடினேன். அங்கே நின்று, "றொபின், கொண்டு வா!" என்றேன்.

சுற்றினான். கழுதைகள் திரும்பின. ஒரு குளம்புகூடக் கருவாட்டில் படவில்லை. பதினொன்றும் வந்து என் முன்னால் நின்றன.

சீவரத்தினம் வாயைப் பிளந்தார். கிறகரிக்கு முகம் கறுத்துவிட்டது.

"விளையாட்டுக் காட்டினது காணும். வா இஞ்ச. சொன்ன சொல்லுக்கு நாயைக் குடு."

"சொன்னது நீங்கள். நான் சொல்லேல்லை."

"வாவெண்டுறன்!"

"வரட்டோ?" என்று கேட்டேன். "நான் வந்தா இவன் இதுகளையும் கொண்டுதான் வருவான். கருவாட்டுக்கு மேலால."

வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மச்சாள் அலறினார்: "அவளை வரவிடாத தம்பி!"

நான் ஓரடி வைத்தேன். பின்னால் றொபின் அசைந்தான். பதினொரு கழுதைகளும் ஓரடி வைத்தன.

"நில்லு! அங்கயே நில்லு!" கிறகரி இரண்டு கையையும் தூக்கினார். சீவரத்தினம் சங்கிலியை லான்ட்மாஸ்டர் பெட்டிக்குள் எறிந்துவிட்டுச் சிரிப்பை அடக்கப் பாடுபட்டார். கிறகரி அவரையும் பார்த்தார், அக்காவையும் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்து, "நாய் இருக்கட்டும்" என்றார்.

"வடிவாக் கேக்கேல்லை. சத்தமாச் சொல்லுங்கோ" என்றேன். "மச்சாளுக்கும் கேக்கட்டும்."