விரால் நின்ற இடம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சுத்தப் பொய் என்றும் சொல்ல முடியாது. கண்ணால் கண்ட ஒன்றுக்கு நானே கட்டிக்கொண்ட அர்த்தம் அது. கட்டியவன் நான், பட்டவள் வேறொருத்தி.

நீச்சல் குளத்தில் எல்லோரும் அவளை விரால் என்பார்கள். பிடித்தால் வழுக்கிக்கொண்டு ஓடிவிடுவாள் என்று அவள் அண்ணன் வைத்த பெயர். வயது முப்பத்தொன்று. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி மெதுவாக அமைந்தவள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில், சூடாக வந்து விழும் படுக்கை விரிப்புகளை மூலைக்கு மூலை பிசகாமல் மடிக்கிறாள். முள் கடிகாரம் பார்க்க வராது. ஆனால் தன் நீச்சல் நேரங்கள் மட்டும் விநாடி சுத்தமாகத் தலைகீழ்ப் பாடம்.

2

தொடக்கம் ஒன்று: "கடவுள் சிலரை வெள்ளை மனதோடு படைத்து..."

(முடிக்கவில்லை. முடித்திருந்தால் விரால் என்னைக் குளத்தில் தள்ளியிருப்பாள்.)

தொடக்கம் இரண்டு: "பாவம், அவளுக்கு..."

(இதற்கும் அதே கதிதான்.)

தொடக்கம் மூன்று: "புதன்கிழமை மூன்று மணியிலிருந்து நாலரை வரை குளம் அவர்களுடையது."

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

விராலும் அவளைப் போன்றவர்களுமாக அவர்கள் மொத்தம் பதினோரு பேர். கற்றுக்கொடுப்பவர் முன்பு அதே குளத்தில் உயிர்காப்பாளராக இருந்த அம்மாள். எல்லோருக்கும் அவர் கோச். விரால் வந்த முதல் மாதம் முழுக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து, முகத்தைத் தண்ணீரில் வைத்துக் குமிழி விட்டாளாம். கோச்சும் பக்கத்தில் உட்கார்ந்து குமிழி விட்டாராம். மூன்றாம் மாதம் விரால் கைப்பிடியை விட்டாள். இரண்டாம் வருடம் ஐம்பது மீட்டர் நீந்தினாள். இதை நான் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். கோச் ஒரு புதன்கூடத் தவறாமல் வந்து இதைச் செய்திருக்கிறார்.

அடுத்தது அண்ணன். பேருந்து ஓட்டுநர். தங்கைக்காகப் புதன்தோறும் விடியற்காலை வேலைமுறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, சீருடையோடு ஈர பெஞ்சில் வந்து உட்காருவார். இவ்வளவு நல்லவரை நீங்கள் நம்புவீர்களா என்று எனக்கே சந்தேகம் வந்தது. கதைக்காக ஒரு குறை தேடினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. "காலை உதை, காலை உதை" என்று குளமே அதிரக் கத்துவார். கோச் அவரை இரண்டு முறை வெளியே அனுப்பியிருக்கிறார்.

நான் கட்டுரை எழுதத்தான் போனேன். கோச் என் கையில் நிறுத்துக் கடிகாரத்தைத் திணித்தார்.

"சும்மா உக்காந்து பாக்கிறதுக்கு இங்க எடம் இல்ல சார். இதப் பிடிங்க."

3

விராலைப் போன்றவர்களுக்கான ஐம்பது மீட்டர் போட்டி நாள். (விதியை விளக்காமல் கதை நகராது. ஒரே ஒரு பத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

காலையில் எல்லோரையும் நீந்தவிட்டு, ஒத்த வேகக்காரர்களை ஒரு குழுவாகச் சேர்ப்பார்கள். மாலையில் இறுதிச் சுற்று. வேண்டுமென்றே காலையில் மெதுவாக நீந்தி எளிய குழுவில் நுழைந்துவிடக் கூடாது அல்லவா? அதனால், காலை நேரத்தைவிட நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் மாலையில் வேகம் கூடினால் தகுதி நீக்கம். காலையில் உடலுக்கோ கருவிக்கோ ஏதாவது கோளாறு என்றால், அரை மணிக்குள் கோச் எழுதிக் கொடுக்கலாம்.

காலையில் நான்காம் பாதையில் விரால். பாதி தாண்டியதும் சட்டென்று நின்றாள். மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் பாதைப் பெண் அப்போதுதான் மூச்சுத் திணறிப் பின்தங்கியிருந்தாள். விராலின் முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. பிறகு நீந்தி வந்து சுவரைத் தொட்டாள். எழுபத்திரண்டு விநாடி.

என் கண் நிறைந்துவிட்டது. கதை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

கோச் ஓடி வந்தார். விரால் உடை மாற்றப் போயிருந்தாள். கோச்சின் அடுத்த ஆள் மேடையில் ஏறியாகிவிட்டது.

"எப்பவும் அம்பத்தேழு வருமே. என்ன ஆச்சு?"

"பக்கத்துப் பொண்ணுக்காக நின்னா கோச். நானே பாத்தேன்."

கோச் சிரித்தார். "அப்படின்னா எழுதிக் குடுக்க ஒண்ணும் இல்ல" என்று நகர்ந்துவிட்டார்.

4

மாலையில் விரால் நீந்தியதை விவரிக்க நான்கு முறை முயன்றேன். "அம்பு போல" (வேண்டாம்). "தண்ணீரே வழிவிட்டது போல" (வழியெல்லாம் விடவில்லை. அவள் கையால் கிழித்துக்கொண்டு போனாள்). முதலில் சுவரைத் தொட்டாள். ஐம்பத்து நாலு புள்ளி எட்டு. அவள் வாழ்நாளின் சிறந்த நேரம்.

பத்து நிமிடம் கழித்து ஒலிபெருக்கி சொன்னது: நான்காம் பாதை, தகுதி நீக்கம்.

5

தங்கை துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றாள். அழவில்லை. கோபத்தில் மூக்கு விடைத்திருந்தது.

"காலையில ஏம்மா நின்ன?" என்று கேட்டார் அண்ணன். அதுவரை அவளிடம் யாருமே கேட்காத கேள்வி.

"கண்ணாடிக்குள்ள தண்ணி பூந்துருச்சு. சுவர் தெரியல. கயித்தப் பிடிச்சு, தண்ணியக் கொட்டிட்டு வந்தேன்."

நான் குறுக்கிட்டேன். "அந்தப் பொண்ணுக்காக நிக்கலையா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரேஸ்ல யாராவது நிப்பாங்களா சார்?"

"நானும் அவளக் கேக்காம விட்டுட்டேன்" என்றார் கோச் மெல்ல.

தலைமை நடுவரிடம் ஓடினேன். தப்பு என் மேல் என்றேன், கெஞ்சினேன். நரைத்த தலையும் கழுத்தில் ஊதலுமாக இருந்த அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

"அர மணி எப்பவோ தாண்டிடுச்சு. வேற போட்டியா இருந்தா இப்படிக் கெஞ்சுவீங்களா?"

அவர் என்னைத் தாண்டி, அண்ணனையும் தாண்டி, நேராக விராலிடம் போய் விதியைச் சொன்னார். விரால் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னார்.

"எல்லாருக்கும் இதே விதியா?"

"எல்லாருக்கும்."

"அப்ப சரி. ஆனா அம்பத்து நாலு புள்ளி எட்டு என்னது. அத அழிக்கக் கூடாது."

"அழிக்க மாட்டேன்மா. தாள்ல அப்படியே இருக்கும்."

அந்த இடத்தில் என்னைத் தவிர எல்லோரும் விளையாட்டுக்காரர்கள் என்று தோன்றியது.

6

மூன்று புதன்கிழமை விரால் என்னோடு பேசவில்லை. நான்காம் புதன், ஈரக் கையோடு வந்து எதிரே நின்றாள்.

"கதை எழுதுறீங்களாமே. படிங்க."

படித்தேன். கைவசம் மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

(அ) நடுவர் மனம் இரங்குகிறார். "அவங்கதான் இரங்கலையே" என்றாள்.

(ஆ) பதக்கம் வாங்கிய பெண் அதைக் கழற்றி விராலின் கழுத்தில் போடுகிறாள். "அது அவ ஜெயிச்சது. எனக்கு எதுக்கு?"

(இ) விரால் என்னை மன்னிக்கிறாள். "இனிமே முதல்ல என்கிட்ட கேளுங்க" என்றாள். மன்னித்தாள் என்று நான் எழுதிக்கொள்ளலாமா? தெரியவில்லை. அதையும் அவளிடம்தான் கேட்க வேண்டும்.

அன்றே கோச் நேரக்குறிப்புத் தாளில் புதிதாக ஒரு கட்டம் போட்டார்: 'நீந்தியவர் சொன்னது'. பதினோரு பேரும் கரையேறியதும் அதற்கு ஏதாவது சொல்லியாக வேண்டும். சிலர் ஒரு சொல்லில் முடிப்பார்கள். ஒருவர் வாராவாரம் "பசிக்குது" என்கிறார். அதையும் எழுதுகிறோம்.

7

அடுத்த போட்டிக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. கதையோ இன்றே முடிந்தாக வேண்டும்.

நேற்றுப் பயிற்சியில் விரால் ஐம்பது மீட்டர் நீந்தினாள். கடிகாரத்தை அழுத்திவிட்டுப் பார்த்தேன். நம்பாமல் அண்ணனிடம் நீட்டினேன். பார்த்த மனிதர் வாயே திறக்கவில்லை. இத்தனை வருடத்தில் அந்தக் குளம் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை என்றார் கோச்.

அந்த நேரத்தைக் கதையின் கடைசி வரியாகப் போட்டுக்கொள்ளவா என்று விராலிடம் கேட்டேன்.

பதறிப்போனாள். "எழுதிடாதீங்க சார். மத்தவங்க படிச்சா உஷாராயிடுவாங்க."

ஆகவே எழுதவில்லை. உங்களுக்குத் தோன்றுகிற நேரத்தை நீங்களே போட்டு முடித்துக்கொள்ளுங்கள். ஐம்பத்து நாலுக்குக் கீழே போடுங்கள். அதற்கு மேல் என்னிடம் எதுவும் கேட்காதீர்கள்.