ஒரே டிரெய்லரில் அண்ணியும் நாத்தனாரும்

நெடுந்தூர லாரி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த முதல் நாளே, வகுப்பறை வாசலில் அண்ணியின் கால் நின்றுவிட்டது. இரண்டாவது வரிசையில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, புது நோட்டின் அட்டையில் அழகாகப் பெயர் எழுதிக்கொண்டிருந்தவள் அவளுடைய நாத்தனார்.

இருவரும் பேசி மூன்று வருடமாகிறது. காரணம் ஒரு சட்டை. அண்ணி பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் பத்தொன்பது வருடம் காலர் வைத்தவள். ஆசையாகக் கேட்கிறாளே என்று நாத்தனாருக்கு ஒரு மேல்சட்டை தைத்துக் கொடுத்தாள். சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்த நாளில் நாத்தனார் அதைப் போட்டுக்கொண்டு வந்து, அலமாரி மேலிருந்த தட்டை எடுக்கக் கையைத் தூக்கினாள். டர்ரென்று அக்குள் பக்கம் கிழிந்தது. “துணி சரியாத்தான் இருக்கு, ஆளுதான் ஊதிட்டா” என்றாள் அண்ணி. வீடே சிரித்தது. அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள்தான் நாத்தனார்.

ஒரே தெருவில் நாலு வீடு தள்ளித்தான் இருவரும் இருந்தார்கள். ஒருத்திக்குத் தங்கமான கணவனும் இன்னொருத்திக்குக் கூடப் பிறந்த அண்ணனுமான அந்த ஒரே மனிதன்தான் தூது போனான். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். வேலையில் மேலும் கீழும் அலைந்தான், வீட்டுக்கு வந்தால் இங்கும் அங்கும் அலைந்தான்.

சீருடைக் கம்பெனி மூடியதும், லாரி ஓட்ட ஆளே கிடைக்கவில்லையாம், நீ கற்றுக்கொள்ளேன் என்று பயிற்சிப் பள்ளியின் படிவத்தைக் கொண்டுவந்து அண்ணியிடம் நீட்டியவன் அவன். நாத்தனார் சுங்கச்சாவடியில் பதினோரு வருடம் சீட்டுக் கிழித்தவள். இயந்திரம் வந்து அவளை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டது. போகிற வருகிற லாரிகளையெல்லாம் பார்த்து ஏங்கிய அவளுக்கும் படிவம் கொடுத்தது அதே புண்ணியவான்தான். ஒருத்தியைப் பற்றி மற்றவளிடம் மூச்சு விடவில்லை. முதல் வகுப்பு முடிந்த மாலை அண்ணி பிடித்து உலுக்கியபோது, எனக்கு எதுவுமே தெரியாதே என்று கூரையைப் பார்த்தான்.

பயிற்சி கொடுப்பவருக்குப் பட்டப்பெயர் கண்ணாடி. மூக்கின் மேல் கண்ணாடி கிடையாது. ஒரு நாளைக்கு முந்நூறு தடவை “கண்ணாடியைப் பாருங்க” என்று கத்துவார், அதனால் வந்த பெயர். நெடும்பயணத்தில் மாற்றி மாற்றி ஓட்டுவதற்காக இரண்டிரண்டு பேராகத்தான் சேர்ப்பார்கள். வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். கண்ணாடி பட்டியலை ஒரு முறை பார்த்துவிட்டு, இருவரையும் ஒரே வண்டிக்கு எழுதிப் போட்டார்.

டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது, முன்வண்டியையும் டிரெய்லரையும் கோத்துக் காற்றுக் குழாய் மாட்டுவது எல்லாம் பேச்சில்லாமலே நடந்தது. பேசியே தீரவேண்டிய இடத்தில் இருவரும் கண்ணாடியின் காதைக் கடன் வாங்கினார்கள்.

“அந்தம்மா மிதிக்கிறது கிளச்சா, தலகாணியான்னு கேளுங்க சார்” என்பாள் நாத்தனார். தையல் மெஷின் மிதித்த காலைவிடச் சீட்டுக் கிழித்த கை எந்த விதத்தில் உசத்தி என்று அவர் மூலமாகவே பதில் போகும். நடுவில் மாட்டிய மனிதர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடுவார்.

டிரெய்லரைப் பின்னால் எடுப்பதுதான் எல்லோரையும் அழவைத்த பாடம். வால் இடது பக்கம் போகவேண்டுமானால் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும். வாட்டசாட்டமான ஆண்பிள்ளைகளெல்லாம் வியர்த்துப் போய் நிற்க, அண்ணி மூன்றாவது தடவையிலேயே கோட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள். கண்ணாடிக்கு வாய் பிளந்தது. எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டார்.

“நாத்தனாரோட பழகினவளுக்கு இதெல்லாம் கஷ்டமா சார்? இந்தப் பக்கம் வான்னா அந்தப் பக்கம்தான போகும்.”

மறுநாளே பதில் வந்தது. வண்டிக்குப் பின்னால் நின்று கை காட்டவேண்டிய முறை நாத்தனாருடையது. வா, வா, இன்னும் வா என்று தாயன்போடு அழைத்தாள். அண்ணி நம்பிப் போய் நாலு ரப்பர்க் கூம்புகளைச் சப்பாக்கினாள். அதற்கு அடுத்த நாள் அண்ணி கை காட்டினாள். அடிக்கு ஒரு தடவை நில் என்று காட்டியதில், அரை நிமிட வேலை நாத்தனாருக்கு முக்கால் மணி நேரம் இழுத்தது.

ஏழாவது வாரம், சரக்கோடு மூன்று நாள் பயணம். கண்ணாடியும் கூடவே வந்தார். ஒருத்தி ஓட்டும்போது மற்றவள் இருக்கைக்குப் பின்னாலிருந்த படுக்கையில் திரையை இழுத்து மூடிக்கொண்டாள். இரண்டாம் நாள் காலையில் கண்ணாடி தொண்டையைத் தடவிக் காட்டினார். கத்திக் கத்திக் குரல் அடியோடு போய்விட்டதாம். காற்றுதான் வந்தது. அண்ணி வழக்கம்போல அந்தம்மாவிடம் சொல்லச் சொல்லி எதையோ ஆரம்பித்தபோது, அவர் ஒரு தாளில் எழுதி நீட்டினார்: நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

மதியம் ஒரு பெரிய கிடங்குக்குள் நுழைந்தார்கள். சரக்கு இறக்கும் மேடையில் இரண்டு லாரிகளுக்கு நடுவே ஒரே ஒரு சந்து காலியாக இருந்தது. அண்ணி ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் இறங்கிப் பின்னால் போனாள். வண்டி பாதி மடங்கியதும், ஒரு பக்கக் கண்ணாடியில் பக்கத்து லாரியின் தகரம் மட்டும்தான் தெரிந்தது. அண்ணி ஜன்னலை இறக்கினாள்.

“எவ்வளவு இடம் இருக்குன்னு யாராவது சொன்னா நல்லாருக்கும்” என்றாள் ஆகாயத்தைப் பார்த்து.

பின்னாலிருந்து குரல் வந்தது. “நான் சுவத்துகிட்டதான் சொல்றேன். இன்னும் ரெண்டு முழம் வரலாம்.”

“ஏ ஸ்டியரிங்கு, கேட்டுக்கிட்டியா?”

“சுவரே, கொஞ்சம் வலது பக்கம் ஒடிக்கச் சொல்லு.”

கண்ணாடி பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை விழுங்கினார். வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. அப்போதுதான் காதில் பாட்டு மாட்டிய ஒருவர், சரக்கு வண்டியை இழுத்துக்கொண்டு தலை குனிந்தபடி டிரெய்லருக்குப் பின்னால் குறுக்கே வந்தார்.

“அண்ணி, நிறுத்துங்க அண்ணி!”

அண்ணியின் கால் யோசிக்கவில்லை. காற்று பிரேக் புஸ்ஸென்று பிடித்தது. அந்த மனிதர் முதுகுக்கும் டிரெய்லருக்கும் நடுவே இரண்டு சாண் இடைவெளி இருந்தது. அவர் எதுவும் தெரியாமல் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே போய்விட்டார்.

அண்ணி இறங்கி வந்தாள். நாத்தனார் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அண்ணியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அந்தச் சட்டை” என்றாள் அண்ணி. “நான்தான் அளவைத் தப்பா வெட்டிட்டேன். ஒரு அங்குலம். எல்லார் முன்னாலயும் ஒத்துக்க வெட்கமா இருந்துச்சு. அதான் உன் மேல போட்டேன்.”

“தெரியும். அடுத்த நாளே வேற தையல்காரர்கிட்டப் போய் அளந்து பார்த்தேன். நான் ஊதவே இல்ல அண்ணி. நீங்க எப்பச் சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன்.”

“மூணு வருஷமாவா?”

“நீங்க கல்லுளிமங்கியாச்சே.”

அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது. சேலைத் தலைப்பு இல்லாததால் பயிற்சிப் பள்ளியின் மஞ்சள் மேலங்கியிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வண்டியைச் சேர்த்துவிட்டு இருவரும் கைகழுவப் போனார்கள். கழிப்பறைச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ போனில் கணீரென்று பேசிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியின் குரல். உங்கள் வீட்டுப் பெண்கள் ராசியாகிவிட்டார்கள், நீங்கள் சொன்ன யோசனை பலித்துவிட்டது, இனி நான் எப்போது பேசலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணியும் நாத்தனாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணம் வந்தது.

மூன்றாம் நாள் வண்டி பள்ளிக்குத் திரும்பியபோது, அண்ணியின் கணவன் பல்லெல்லாம் தெரிய வாசலில் நின்றிருந்தான். அண்ணி ஒரு பக்கக் கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினாள். உன் தங்கை இருக்கிற திசையில் இனிமேல் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன் என்றாள். மறுபக்கம் இறங்கிய நாத்தனார், உன் பெண்டாட்டி ஓட்டுகிற வண்டியில் ஏறுவதைவிட நடந்தே போவேன் என்றாள். அவன் முகம் பொட்டென்று வாடியது. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தான்.

“ஐயோ, பொய். நேத்து பூரா ரெண்டு பேரும் பேசிப் பேசி என் காதே அடைச்சுப் போச்சு சார்” என்று கத்தினார் கண்ணாடி.

பள்ளி வளாகமே திரும்பிப் பார்த்தது. போன குரல் முழுசாக வந்துவிட்டதை அவரே அப்போதுதான் உணர்ந்தார். தொண்டையைத் தடவினார். பயனில்லை. பெண்கள் இருவரும் வண்டியின் படியைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

தேர்வில் நாத்தனார் முதல் தடவையே தேறினாள். அண்ணி இரண்டாவது தடவை தேறினாள். அதற்கு நாத்தனார் சிரிக்க மட்டும் செய்தாள். ஒரு சரக்குக் கம்பெனி இருவரையும் ஜோடியாகவே எடுத்துக்கொண்டது. வாரத்தில் நாலு நாள் சாலையில்தான்.

முதல் பயணத்தின்போது, அரிசிக்கு எத்தனை தம்ளர் தண்ணீர் என்று கேட்க அவன் வீட்டிலிருந்து போன் செய்தான். அண்ணி பதில் சொல்ல ஆரம்பித்தாள். அது தவறு என்று நாத்தனார் குறுக்கே வந்தாள். பேச்சு அங்கிருந்து அடுத்த திருப்பத்துக்கும், டீசலுக்கும், யார் அதிகம் தூங்கினார்கள் என்பதற்கும் போனது. அவன் இரண்டு தடவை வாயைத் திறந்து பார்த்தான். பிறகு போனை மேஜை மேல் வைத்துவிட்டு, தோராயமாகத் தண்ணீரை ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தான்.