கழுவிய வீடு

கிராம சேவகர் மசூர் வாசலில் நின்றபடியே உள்ளே பார்த்தார். அவரோடு வந்தவர் கைபேசியை நீட்டிப் படம் எடுத்தார். சீமெந்துத் தரை உலர்ந்து வெளுத்துக் கிடந்தது. சுவரில் ஒரு கறை இல்லை. டெட்டோல் மணம் வாசல்வரை வந்தது.

“வெள்ளம் வந்த வீடு மாதிரித் தெரியல்லியே, ராத்தா.”

“வந்திச்சி தம்பி. இடுப்பளவு தண்ணி. வயல் வட்டைப் பக்கத்தால வந்து ஊட்டுக்குள்ள நிண்டிச்சி. நான்தான் கழுவினன்,” என்றாள் முனவ்வறா.

“நாங்க வரும்வரைக்கும் அப்பிடியே உட்டிருக்கலாமே. மேல படம் கேக்காங்க. சேதம் தெரியாட்டி நான் என்னெண்டு எழுதுற?”

மசூர் கெட்ட மனிதரல்ல. சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது. ஆனாலும் எழுதாமலே அடுத்த வீட்டுக்குப் போனார். அந்த வீட்டு நுஸ்ஹா, வெள்ளம் வடியுமட்டும் அக்கரைப்பற்றில் தங்கச்சி வீட்டில் இருந்துவிட்டுக் காலையில்தான் திரும்பியிருந்தாள். அங்கே சேறு கணுக்கால்வரை கிடந்தது. அவள் பெயர் உடனே எழுதப்பட்டது.

முனவ்வறாவால் அப்படிச் சேற்றை விட்டு வைத்திருக்க முடியாது. அவள் கணவர் ஸலாஹுதீனுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. நெல் ஆலையில் மூட்டை சுமந்தவர், வலது காலில் ஆறாத புண் வந்தபின் கட்டிலோடு ஆகிவிட்டார். அழுக்குத் தண்ணீர் மட்டும் புண்ணில் படவே கூடாது என்று கிளினிக் தாதி சொல்லியிருந்தாள். வெள்ளம் வந்த அன்று தண்ணீர் ஏற ஏற, அவரை மேசைமேல் இருத்தி, காலைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டே நின்றாள். தண்ணீர் வடிந்ததும் முதல் வேலையாக வீட்டைக் கழுவினாள். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துத்தான் அவர்கள் சாப்பிட்டார்கள். மா மூட்டை கரைந்து போயிருந்தது. தட்டுகளையும் இடியப்ப உரலையும் வெள்ளம் கொண்டுபோயிருந்தது. அரசாங்க உதவி வந்தால்தான் மறுபடி அடுப்பு எரியும்.

பிரதேச செயலகத்தில் வெயிலில் வரிசையில் நின்றாள். யன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

“படத்தில ஒண்டுமில்லையே.”

“என்ட மாப்பிள்ளைட கால் புண்ணுக்காகக் கழுவினன். அதுதான் நான் செஞ்ச பிழையா?”

அவர் இப்போது நிமிர்ந்தார். “சரி, மறுகா ஒரு ஆள அனுப்புறம். நாளைக்கு வருவாங்க.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. வருகிறவரும் கழுவிய தரையைத்தானே பார்ப்பார்? பின்னேரம் அஸர் தொழுதாள். தொழுகைப் பாயைச் சுருட்டி உயரத்தில் வைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்க வாய்க்காலுக்கு இறங்கினாள்.

முதல் வாளிச் சேறு தரையில் விழுந்ததும் ஸலாஹுதீன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

“என்னகா செய்யிறாய்? ஒனக்குப் பைத்தியமா?”

“இரிந்த சேறுதானே மச்சான். இரிந்த இடத்தில போடுறன்.”

“பொய்யில்லியா இது?”

“வெள்ளம் வந்தது பொய்யா? சொல்லுங்க.”

அவர் காலை இழுத்துக் கட்டிலின் நடுவே வைத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அவள் வாளி வாளியாகக் கொட்டினாள்.

மறுநாள் யாரும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. சேறு நாறத் தொடங்கியது. ஈ மொய்த்தது. கழுவி விடலாமா என்று வாளியைத் தூக்குவாள். கழுவிய பிறகு வந்துவிட்டால்? வாளியைக் கீழே வைத்துவிடுவாள். கடைசியில் பொறுக்க முடியாமல் மசூரைத் தேடிப் போனாள். அவர் வேறொரு பகுதிக்குப் போயிருந்தார். அலைந்து திரும்பி வந்தபோது, ஸலாஹுதீன் கட்டிலுக்கும் கக்கூசுக்கும் நடுவே சேற்றில் விழுந்து கிடந்தார். கால் கட்டு அவிழ்ந்திருந்தது.

“கூப்பிட்டன் புள்ள. நீ இல்ல,” என்றார்.

கொதித்த தண்ணீரை ஆற்றிப் புண்ணைக் கழுவினாள். அன்றே காய்ச்சல் பிடித்தது. விடிந்தபோது கால் வீங்கிக் கறுத்திருந்தது. நுஸ்ஹா ஓடிப்போய் ஓட்டோ பிடித்து வந்தாள். இருவருமாக அவரைத் தூக்கி ஏற்றும்போதுதான் ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். செயலகத்தில் இருந்து வந்தவள். ஜெனுஷா என்று பெயர்.

“முனவ்வறா வீடு இதுதானே?”

“இதுதான் மகள். பாருங்க, நல்லாப் பாருங்க.”

ஜெனுஷா உள்ளே போய்க் குனிந்து பார்த்தாள். “மழை விட்டு எவ்வளவு நாளாச்சு அக்கா. சேறு இன்னும் ஈரமாக் கிடக்கே. சுவரில தண்ணிக் கோடு ஒண்டையும் காணல்ல.”

முனவ்வறாவுக்கு வார்த்தைகள் மளமளவென்று வந்தன. “நான்தான் கொட்டினன். கழுவின வீட்டுக்கு ஒண்டுமில்ல எண்டாங்க. வாய்க்கால்ல இருந்து அள்ளிக் கொட்டினன். அவர் அதுக்குள்ள உழுந்திட்டார். என்னப் பொலிசில குடுத்தாலும் பரவால்ல. அவர ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக உடுங்க.”

ஜெனுஷா வெளியே வந்து, சுவரோடு சாய்த்துத் திறந்திருந்த மரக் கதவை இழுத்து மூடினாள். எப்போதும் திறந்தே கிடக்கும் கதவு அது. அதன் பின்பக்கத்தை யாரும் கழுவவில்லை. இடுப்புயரத்தில் ஒரு மண்நிறக் கோடு. கோட்டில் வைக்கோல் துரும்புகள் ஒட்டிக் காய்ந்திருந்தன. கீழ்ப்பலகை உப்பிப் பிளந்திருந்தது.

“இதப் படம் எடுத்திருந்தாலே போதும் அக்கா,” என்றாள் மெதுவாக. “ஆரும் கதவ மூடிப் பார்க்கல்லையா?”

முனவ்வறா அந்தக் கோட்டைப் பார்த்தாள். ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். அவள் ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். அழுகல் இன்னும் மேலே ஏறாமல் இருந்தால் கால் தப்பும் என்று டொக்டர் சொன்னார். ஜெனுஷா போன் எடுத்து, பெயரை அனுப்பிவிட்டதாகவும் காசு எப்போது வருமென்று தனக்கும் தெரியாதென்றும் சொன்னாள். சேற்றைப் பற்றி அவள் ஒன்றும் எழுதவில்லை.

பார்வையாளர் நேரத்தில் முனவ்வறா கட்டிலோரம் நின்றாள். அவர் காலைப் பார்க்க அவளால் முடியவில்லை.

“எழுதிட்டாங்களா?” என்று கேட்டார் ஸலாஹுதீன்.

“ஓம்.”

“நீ சேறு கொட்டின நேரம் நானும் வேணாமெண்டு சொல்லல்லியே புள்ள. சுவரப் பார்த்துக்கிட்டுத்தானே கிடந்தன்.”

வெள்ளம் வந்த நாளிலிருந்து அழாதிருந்தவள், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நேரம் முடிந்ததென்று காவலாளி வந்து சொல்லும்வரை ஸலாஹுதீன் அவள் கையை விடவில்லை.