கேம் பெட்டிக்குத் தைத்த உறை

கமருன்னிஸாவின் வீட்டில் பிளக் வைத்த எந்தச் சாமானும் உடுப்பில்லாமல் இருந்ததில்லை. மிக்ஸிக்குச் சட்டை, கிரைண்டருக்குப் பாவாடை, வாஷிங் மெஷினுக்குக் கழுத்திலிருந்து கால்வரை அங்கி. டிவிக்கு லேஸ் வைத்த முக்காடுகூட உண்டு. பார்க்கும்போது மட்டும் தூக்கிப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். தையல்காரி வீடு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிடலாம். ஆனால் குடவாசல் பக்கம் வயலை ஒட்டிக் குடியிருந்து பார்த்தவர்களுக்குத்தான் விஷயம் தெரியும். தை பிறந்து அறுவடை மெஷின் வயலுக்குள் இறங்கிவிட்டால், வைக்கோல் தூசு என்ன, கதவைத் தட்டிவிட்டா உள்ளே வருகிறது?

அதனால்தான், அவள் புருஷன் ஜாஃபர் சாதிக் போன லீவில் தோஹாவிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேம் பெட்டியை டிவிக்குக் கீழே வைத்துவிட்டு விமானம் ஏறியதும், அவள் முதல் வேலையாக அதற்கு அளவெடுத்தாள். மெரூன் வெல்வெட் துணி, ஓரமெல்லாம் ஜரிகை லேஸ். முன்னால் பட்டனுக்கு ஒரு வட்டம், பின்னால் வயருக்கு ஒரு கீறல். கழற்றவே வேண்டாம், உறையோடு ஓடும். கல்யாண மாப்பிள்ளைக்குக் கோட்டு தைத்திருந்தால்கூட இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டாள்.

ஜாஃபர் விளையாட்டுப் பைத்தியம் இல்லை. அவனுக்குப் போனில் பேச வராது, அவ்வளவுதான். சாப்பிட்டியா, கரண்டு இருக்கா, மழை உண்டா என்று கேட்டுவிட்டால் அவன் கைச்சரக்கு தீர்ந்துவிடும். பிறகு இரண்டு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார்கள். ஆனால் கைக்கு ஒரு வேலை கிடைத்தால் அவன் வாய் தானாகத் திறக்கும். லீவில் இருந்தபோது தேங்காய் உரித்துக்கொண்டே தன் சின்ன வயதுக் கதை முழுவதையும் சொல்லியிருந்தான். அதை மனதில் வைத்துத்தான் இந்த ஏற்பாடு. அங்கே அறையில் நாலு பேர் சேர்ந்து வாங்கிய பெட்டி ஒன்று, இங்கே இது ஒன்று. நெட்டில் இரண்டும் சேர்ந்துகொள்ளும், ஹெட்போன் மாட்டினால் பேச்சும் கேட்கும். வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. அவன் ஜும்ஆ தொழுகை முடித்து அறைக்குத் திரும்பவும், கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தி ஓடும் இங்கே இவள் அஸர் தொழுது எழவும் சரியாக இருக்கும்.

அவர்கள் ஆடியது விவசாய விளையாட்டு. சொன்னால் சிரிப்பீர்கள். ஜன்னலுக்கு வெளியே நிஜ மெஷின் நிஜ நெல்லை அறுத்துக்கொண்டிருக்க, இரண்டு பக்கத்திலும் காணி நிலம்கூட இல்லாத குடும்பத்தில் பிறந்த இந்த இருவரும், ஏதோ ஒரு வெள்ளைக்காரச் சீமையில் கோதுமை அறுத்தார்கள். அந்த ஊரில் மேட்டூர் திறந்தார்களா என்ற கவலை கிடையாது. அவன் அறுவடை மெஷினை ஓட்டுவான். பக்கத்திலேயே இவள் டிராக்டரில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போக வேண்டும். அவன் குழாயிலிருந்து இவள் டிரெய்லரில் கோதுமை கொட்டும். ஒருவர் கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் அத்தனையும் மண்ணில் போகும். அப்படி ஒட்டி ஓட்டிக்கொண்டே அவன் பேசுவான்: சூப்பர்வைசரின் திமிர், அறையில் இவன் முறைக்குச் சமைத்து அடிபிடித்த குழம்பு, தூக்கத்தில் வரும் வாப்பாவின் முகம். அந்த வாரம் முழுவதற்கும் அவளுக்கு அது போதும்.

மாமியார் ஆமினா, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாபநாசத்திலிருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் கழுத்து, கை, இடுப்பு என்று பேசிவிட்டுப் போவார்கள். மற்ற நேரம் தையல் மெஷின் சத்தம்தான்.

தை மாதத்திலிருந்து பெட்டிக்குச் சீக்கு வந்தது. ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம் ஆனால் உள்ளே ஏதோ இரைந்து கத்தும். பெட்டி சூடாகிவிட்டது என்று டிவியில் எழுத்து வரும். அடுத்த நிமிஷம் கோதுமையும் புருஷனும் சேர்ந்து அணைந்துவிடுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவன், "நிஸா, ஒண்ணு சொல்லணும், நீ வந்து..." என்று ஆரம்பித்தான். அந்த இடத்தில் போய்விட்டது. போனில் கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணுமில்ல, வெள்ளிக்கிழம பாப்போம்" என்றான்.

அந்த 'நீ வந்து' அவளைப் பாடாய்ப் படுத்தியது. 'நீ வந்து இங்கேயே இருந்துவிடு' என்று விசா எடுக்கப் போகிறானா? 'நீ வந்து ரொம்ப நாள் காத்திருக்க வேண்டாம்' என்று இங்கே வந்துவிடப் போகிறானா? துணி வெட்டும்போதெல்லாம் அந்த வாக்கியத்துக்கு ஒவ்வொரு வாலாக ஒட்டிப் பார்த்தாள். எல்லாம் பொருந்தின. பெட்டி மட்டும் ஒழுங்காக ஓடினால் அவனே சொல்லிவிடுவான்.

கடைவீதியில் மொபைல் கடை வைத்திருக்கும் ஜாஹித், "வெச்சிட்டுப் போங்க அக்கா, கும்பகோணம் அனுப்பணும், பதினஞ்சு நாளாவது ஆவும்" என்றான். இரண்டு வெள்ளிக்கிழமை போய்விடும். "வேணாம் தம்பி, அந்த நட்சத்திர வாய் ஸ்க்ரூடிரைவரும் பேஸ்டும் மட்டும் குடு" என்று வாங்கிக்கொண்டாள். தையல் மெஷினைப் பிரித்து எண்ணெய் விடுகிறவளுக்கு இது என்ன பெரிய மெஷின் என்று ஒரு தைரியம்.

தரையில் பழைய வேட்டியை விரித்து, போனில் வீடியோவை ஓடவிட்டு, உறையை உருவி, பெட்டியைக் கவிழ்த்தாள். மேல்மூடி கழன்றதும் குனிந்து பார்த்தாள். வைக்கோல் தூசு இருந்தது, கொஞ்சம்தான். மற்றதெல்லாம் அவள் சரக்கு. காற்றாடியைச் சுற்றி மெரூன் பிசிறும் ஜரிகை நூலும் கயிறாகத் திரிந்து கிடந்தன. காற்று போகவேண்டிய வழியெல்லாம் வெல்வெட் பஞ்சு மெத்தையாக அடைத்திருந்தது. தூசு படக்கூடாது என்று போர்த்தி, நாமே இதன் மூச்சைப் பிடித்துவைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

காற்றாடி சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, தையல் மெஷினுக்கு வைத்திருந்த பிரஷ்ஷால் இறக்கைகளின் இடுக்கெல்லாம் துடைத்தாள். இன்னும் உள்ளே போனால் சிப்பு. சூட்டை வெளியே கடத்த அதன் மேல் தடவியிருந்த பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. மருந்துக்கடை ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து அதைச் சுத்தமாக எடுத்தாள். புதுப் பேஸ்ட் ஒரு அரிசி அளவு போதும் என்றார் வீடியோக்காரர். அரிசி என்றால் எந்த அரிசி? பொன்னியா, இட்லிக்குப் போடுகிற குண்டா, பிரியாணிக்குப் போடுகிற சீரகச் சம்பாவா? டெல்டாவில் நின்றுகொண்டு மொட்டையாக அரிசி என்று சொல்லலாமா? அவருக்கு அதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. பொதுவாகப் பொன்னியில் ஒன்று என்று முடிவுசெய்து, பிஸ்மி சொல்லி வைத்தாள். திரும்ப மூடும்போது ஒரு திருகாணிகூட மிஞ்சவில்லை.

வியாழக்கிழமை உறையில்லாமல் தனியாக ஓட்டிப் பார்த்தாள். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை இரைச்சலே இல்லை. அவனிடம் சொல்லவில்லை. நாளைக்கு அவனே தெரிந்துகொண்டு வாயைப் பிளக்கட்டும்.

வெள்ளிக்கிழமை இருவரும் கோதுமைக்குள் இறங்கினார்கள். சலாம், சாப்பாடு, மழை. கால் மணி நேரம் நெருங்கியபோது அவன், "சரி நிஸா, உடம்பப் பாத்துக்க. அடுத்த வாரம் பாப்போம்" என்றான்.

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு டிராக்டரை ஓட்டினாள். வரப்பு வந்தது, திரும்பினார்கள். மறுபடி வரப்பு வந்தது.

"இன்னும் ஆஃப் ஆவல?" என்றான்.

"ஆவல மச்சான்."

"ஓ." அவன் மெஷின் அடுத்த வரிசைக்குள் இறங்கியது. "மழை உண்டா அங்க?"

"மொதல்லயே கேட்டீங்களே." வாரம் முழுக்கப் பொத்திவைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள். "மச்சான், அன்னிக்கு என்னமோ சொல்ல வந்தீங்க. நீ வந்துன்னு ஆரம்பிச்சீங்க. அதுக்குள்ள ஆஃப் ஆயிடுச்சு."

"நானா? என்னன்னு..." யோசித்தான். "ஆங், அதுவா! நீ வந்து டிராக்டர ஆஃப் பண்ணாம எறங்கிடுற. டீசல் சும்மா தீருது. அதத்தான் சொல்ல வந்தேன்."

"அதுதானா?"

"அதுதான். ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்றாள். டிரெய்லர் கொஞ்சம் பிந்திவிட்டது. கோதுமை மண்ணில் கொட்டியது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

அப்போது அவனுக்குப் பின்னாலிருந்து வேறொரு குரல் கேட்டது. அறைக்கூட்டாளி ஃபாஜில். "என்ன பாய், இன்னிக்கு வீட்டு மெஷின் ஆஃப் ஆவலையா? இந்நேரம் ஆயிருக்கணுமே. பெட்டியில மேட்ச் ஆட எல்லாரும் வந்தாச்சு, மூணு பேரு உக்காந்திருக்கோம்."

"இருடா" என்று அவன் அடிக்குரலில் சொன்னது இவளுக்குக் கேட்டது. பிறகு இவளிடம், "நீ ஓட்டு நிஸா, ஒண்ணும் அவசரமில்ல" என்றான். நல்லவன்தான். மழை உண்டா என்று மூன்றாவது முறை கேட்காமலிருக்க அவன் படும் பாடு அவளுக்குத் தெரிந்தது. அவள் சாபம் என்று நினைத்த கால் மணி நேரம், அங்கே அவர்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டிருந்தது.

"மச்சான்," என்றாள், "சூடாயிடுச்சுன்னு எழுத்து வருது."

"வருதா?" குரலில் ஒரு நிம்மதி. "சரி சரி, அணைச்சிடு. கெட்டுப் போயிடப் போவுது. வெச்சிடவா?"

"வெச்சிடுங்க."

பட்டனை அழுத்தினாள். டிவியில் கோதுமை மறைந்து அவள் முகம் தெரிந்தது. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஆறிப்போன டீ கிளாஸ் அளவுக்குக்கூடச் சூடு இல்லை. வெளியே யாருடைய வயலிலோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

வெட்டுத்துணி மூட்டையில் போட்டிருந்த மெரூன் உறையைத் தேடி எடுத்து, உதறி, பெட்டிக்கு மாட்டினாள். லேஸ் ஓரத்தை நீவிச் சரிசெய்தாள். இனி நாளாவட்டத்தில் அது தானாகவே சூடேறும். அதன்பிறகு வெள்ளிக்கிழமையில் அவள் பொய் சொல்ல வேண்டியிராது.