இரு தரப்புக்கும் நாலு நிமிடம்

எங்கள் வானொலியில் ஒரு சட்டம். எந்தச் சர்ச்சையானாலும் இரு தரப்புக்கும் ஆளுக்கு நாலு நிமிடம். நிலையத் தலைவர் அதைத் தராசு என்பார். பேச்சைப் பதிவு செய்து வெட்டி ஒட்டுகிறவன் நான்.

ஆலையை எதிர்த்து ஊர்வலம் போனவர்களைச் சுட்டார்கள். மறுநாள் போலீஸ் அதிகாரி வந்து, தற்காப்புக்காகத்தான் சுட்டோம் என்று நாலு நிமிடமும் விளாசித் தள்ளினார். அவர் போனபின், செத்துப்போன ஒருவரின் மனைவி வந்தார்.

"என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடந்தாரு" என்றார். அதற்குமேல் பேச்சு எழவில்லை. நாலு நிமிடமும் மைக்கில் மூச்சுதான் கேட்டது.

"மூச்சையெல்லாம் வெட்டுப்பா. ரேடியோ நின்னுபோச்சுன்னு ஜனங்க நினைப்பாங்க" என்றார் தலைவர்.

"வெட்டினா ஒரு வரிதான் சார் மிஞ்சும். தராசு என்னாகுறது?"

"அந்தம்மா தரப்பையும் அதிகாரியே எடுத்துச் சொல்லட்டும். படிச்ச மனுஷன், நியாயமா பேசுவாரு."

"அவரு ஆளுங்கதானே சார் சுட்டாங்க!"

"யாராவது பேசணுமில்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே. வெட்டினேன். அதிகாரி மறுபடி வந்து, "அவங்க வேதனை எங்களுக்கும் புரியுது" என்று ஆரம்பித்து, மிச்ச நேரத்தை அழகாக நிரப்பிக் கொடுத்தார். நல்ல நடுநிலை என்று நேயர்கள் பாராட்டினார்கள்.

ஒலிபரப்பான மறுநாள் அந்த அம்மா ஃபோன் செய்தார்.

"தம்பி, எனக்காக ஒருத்தர் பேசினாரே, அந்தக் குரலை நான் கேட்டிருக்கேன்யா. 'சுடு'ன்னு சொன்னது அதுதான்."