ஒரு ஹானாவும் நிற்காத பாண்டும்

பாண்டைத் தமிழில் நிறுத்த வேண்டும் என்று அருமைநாதன் மகள் றெஜினா, 2008ஆம் ஆண்டு பங்குனி மாதம் மொன்றியலை அடுத்த லொங்குய்யில் நடந்த பாண்ட் சம்மேளனத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்டாள். அதைக் கேட்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லாத ஆள் இல்லை. சென்ட் லோரன்ட் உயர்நிலைப் பள்ளிக்கூடம் ஒன்றின் பாண்ட் வாத்திய அணி அப்போது எட்டாவது வருடமாக மொன்றியல் தெருக்களில் நடந்துகொண்டிருந்தது. 2000ஆம் ஆண்டு ஆனி மாத ஊர்வலத்தில் புறப்பட்ட பிள்ளைகள். நிற்கச் சொல்லும் ஆணை வராததால் நிற்கவில்லை. மற்றப்படி அந்த வருடம் பாலின் விலை கூடியது, மெற்றோ மாதச் சீட்டின் விலையும் கூடியது.

நாடு முழுவதும் உள்ள பள்ளிக்கூடப் பாண்டுகளைத் தாங்கிப் பிடிப்பதற்கென்று 1968இல் மொன்றியலில் ஒரு தேசியச் சம்மேளனம் உண்டானது. பட்டாளத்தில் ட்ரம்பெட் ஊதி ஓய்வுபெற்ற ஒருவரும் சங்கீதம் படிப்பித்த கன்னியாஸ்திரி ஒருவரும் தொடங்கியது. வாத்தியம் வாங்க வழியில்லாத பள்ளிக்கூடங்களுக்கு இரவல் கொடுத்தார்கள், நெளிந்த குழலை நிமிர்த்தினார்கள், சீருடை தைத்தார்கள், கிழக்குக் கரைப் பிள்ளைகளை ரயிலேற்றி மேற்குக் கரைக்கு அனுப்பி ஊத வைத்தார்கள். நல்ல மனிதர்கள். வாடகை வீட்டுப் பிள்ளைகள் கிளாரினெட்டைத் தொட்டுப் பார்த்ததே அவர்களால்தான், அதை றெஜினாவும் மறுக்க மாட்டாள். ஆனால் சம்மேளனத்தின் சட்டதிட்டமான யாப்பில் ஒரு விதி எழுதிவைத்தார்கள்: ஆணைகள் பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டிலும் இருக்க வேண்டும், எந்த மொழியும் மற்றதை முந்தக் கூடாது. முப்பது வருடம் அந்த விதி ஒருவரையும் கடிக்கவில்லை, ஏனென்றால் பாண்டை விசில் அடித்தே நிறுத்தினார்கள். புது நூற்றாண்டு பிறந்த உற்சாகத்தில் புதிய நிர்வாகம் விசிலை ஒழித்தது. விசில் அடித்து நிறுத்துவதற்குப் பிள்ளைகள் என்ன ஆடு மாடா என்று கேட்டார்கள். இனிமேல் வெள்ளைப் பட்டி அணிந்த அலுவலர் வாயால் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தார்கள்.

அந்தத் தீர்மானத்தின் முதல் ஊர்வலம்தான் சென்ட் லோரன்ட் ஊர்வலம். மேடையில் தலைவர் பெல்ரோஸும் துணைத் தலைவி விட்காம்பும் தோளோடு தோள் நின்று ஒன்றாக வாய் திறந்தார்கள். நிறுத்தும் ஆணை ஆங்கிலத்தில் ஹோல்ட். பிரெஞ்சில் ஆல்ட். எழுத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சொல். பிரெஞ்சுக்காரர் முன்னால் நிற்கிற ஹானாவை, அந்த 'ஹ' எழுத்தை, விழுங்கிவிடுவார்கள், அவ்வளவுதான். ஆகவே அந்த ஹானா அளவுக்குப் பெல்ரோஸின் பிரெஞ்சுச் சொல் முந்திவிட்டது. விட்காம்ப் ஆட்சேபித்தார். ஆணை செல்லாமல் போனது. திரும்பச் சொல்லிப் பார்ப்பதற்குள் பாண்ட் மூலை திரும்பிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் முயன்றார்கள். நேரம் பார்க்க ஒருவரை நியமித்து, கையில் நிறுத்துக் கடிகாரமும் கொடுத்தார்கள். பெல்ரோஸ் மூச்சை அடக்கிப் பார்த்தால் விட்காம்ப் முந்தினார், விட்காம்ப் பொறுத்தால் பெல்ரோஸ் முந்தினார். ஒழித்த விசிலை ஒருமுறை திருட்டுத்தனமாக ஊதியும் பார்த்தார்கள். பிள்ளைகள் திரும்பியும் பார்க்கவில்லை.

விமானச் செட்டைகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்த அருமைநாதன், மதிய இடைவேளைகளில் வேலி ஓரம் நின்று மூத்த மகள் ஜெசிக்கா கிளாரினெட்டோடு கடந்து போவதைப் பார்ப்பார்.

"எங்கட அரிவரியிலையே இல்லாத எழுத்து," என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் சொல்வார். "ஒரு ஹானா என்ரை பிள்ளையைத் தெருவிலை வைச்சிருக்கு."

நகரம் பழகிக்கொண்டது. பனிக்காலத்தில் பாண்டுக்கு முன்னால் பனி தள்ளும் வண்டி போகும். தை மாதம் குழல்கள் உறைந்துவிடுவதால் மேளம் மட்டும் கேட்கும். கோட்-டெ-நெய்ஜ் மலையேற்றத்தில் ஆஸ்பத்திரிச் சிப்பந்திகள் ஜன்னலைத் திறந்து நோயாளிகளுக்குக் காட்டுவார்கள். இடப்பக்க வரிசை வாசிக்கும்போது வலப்பக்க வரிசை நடந்தபடியே தூங்கும், பிறகு மாறிக்கொள்ளும். தாய்மார் கூடவே ஓடி ஊட்டிவிடுவார்கள். கிரேக்கத் தகப்பன் ஒருவர் பொறுக்க முடியாமல் மகனை அணியிலிருந்து தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோனார். பையனின் கால்கள் நிற்கவில்லை. குசினிச் சுவரில் ஏறி, முகட்டில் தலைகீழாக நடந்து, தொங்குவிளக்கை உடைத்தான். பின்னேரமே கொண்டுவந்து அணியில் விட்டார்கள்.

பதினெட்டு வயதானவர் பாண்டில் இருக்கக் கூடாது என்பது சம்மேளனத்தின் இன்னொரு விதி. ஆணையில்லாமல் அணியைவிட்டு விலகக் கூடாது என்பது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட பிள்ளைகள் பதினேழு வரை வளர்ந்து, அதற்கு மேல் வளராமல் விட்டார்கள். புறப்பட்ட அன்று ஜெசிக்காவுக்குப் பதினேழு. புதிதாக வந்தவர்களுக்கான வரவேற்பு வகுப்பில் பிரெஞ்சு படித்து ஒரு வருடம் பிந்தியவள், ஆனாலும் வகுப்பில் முதல் ஆள். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி மிதிக்கப்போகும் முதல் பிள்ளை இவள்தான் என்று மன்னாரில் இருக்கும் சொந்தம் வரைக்கும் சொல்லியாயிற்று. றெஜினாவுக்கு அப்போது பதினாலு, கணக்கில் மோசம்.

அக்காதான் அவளைப் படிப்பித்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் றெஜினா கணக்குக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு பாண்டைத் தேடிப் போவாள். கிளாரினெட்டுக்கு ஓய்வு வரும் இடங்களில் ஜெசிக்கா வாயிலிருந்து குழலை எடுத்து, "மொக்கு, கீழை இருக்கிறதையும் பெருக்கு," என்பாள், பிறகு ஊதுவாள். அப்படியே பின்னம், அப்படியே இயற்கணிதம். றெஜினாவுக்குப் பதினேழானது, இருவரும் ஒரு வயதானார்கள். பிறகு பதினெட்டு. ஒரு நாள் றெஜினா காட்டிய கணக்கைப் பார்த்து, "இது எனக்கு விளங்கேல்லை, நீயே படி," என்று ஜெசிக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பட்டமளிப்பு அன்று கறுப்பு அங்கியோடு றெஜினா கோட்-டெ-நெய்ஜில் போய் நின்றாள். ஜெசிக்கா வரிசையில் வந்தாள், ஏற இறங்கப் பார்த்தாள், குழலை எடுத்தாள்.

"வடிவா இருக்கிறியள், அக்கா," என்றாள்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். சிரித்தாள். கால்கள் அவளைக் கொண்டு போய்விட்டன. றெஜினாவுக்கு அழுகை வரவில்லை. அந்த 'அக்கா'வும், அதைவிட அந்த மரியாதைப் பன்மை 'இருக்கிறியள்'உம், கன்னத்தில் அறைந்தது போல இருந்தன. தான் மூத்தவளாகப் பிறக்கவில்லை, ஆகவும் விரும்பவில்லை. தங்கையாக இருப்பதை அவள் எவனுக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அடுத்த நாளே சம்மேளனத்தில் ஊர்வல அலுவலர் வேலைக்கு விண்ணப்பித்தாள். மும்மொழி தெரிந்த பட்டதாரி என்று உடனே எடுத்து, வெள்ளைப் பட்டியும் கொடுத்தார்கள்.

"இனியென்ன, வேலை கிடைச்சிட்டுது," என்றார் அருமைநாதன். "அங்கை போய் உந்தக் கதையை மட்டும் எடுக்காதை. அவங்கள் பாத்துச் செய்வாங்கள்."

"எட்டு வரியமாப் பாக்கிறாங்கள், அப்பா. கண்ணாடியை மாத்தச் சொல்லுங்கோ."

சம்மேளனத்தில் தொலைபேசி எடுக்கும் குணேஸ்வரி, அங்கே வேலை செய்த மற்ற ஒரே தமிழ் ஆள், இன்னும் தெளிவாகச் சொன்னாள்: "மூண்டாம் பாசை எண்டு இந்தக் கட்டடத்துக்கை வாய் திறந்தியெண்டால் லிஃப்ற்றும் உன்னை ஏத்தாது, பிள்ளை."

பொதுக்கூட்டத்தில் றெஜினா வாய் திறந்தாள். அலுவலக வழக்கப்படி ஒவ்வொரு வாக்கியத்திலும் பாதியைப் பிரெஞ்சிலும் பாதியை ஆங்கிலத்திலும் சொன்னாள். எந்த மொழியும் மற்றதை முந்தக் கூடாது என்பதுதானே விதி. தமிழில் சொன்னால் இரண்டும் சமமாகப் பிந்தும், யாப்பு கெடாது. சொல் 'நில்'. அதில் ஹானா கிடையாது. தமிழ்த் தாய்மார் சோற்றைக் குழைத்துக்கொண்டு "நில்லு பிள்ளை, ஒரு வாய்" என்று கத்திக் கத்தி, அணியில் இருக்கும் ஹெயிற்றிப் பிள்ளைக்கும் வியட்நாம் பிள்ளைக்கும் அது தெரியும். கத்தியவர்களிடம் வெள்ளைப் பட்டி இல்லாததுதான் குறை. தன்னிடம் இருக்கிறது.

பெல்ரோஸ் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். நின்றால் பிள்ளைகளுக்குத் தவறிப்போன பிறந்தநாள்கள் எல்லாம் ஒரேயடியாக வந்து விழுமே, யார் பொறுப்பு என்று கேட்டார். வரட்டும், கேக்கை நாங்கள் வெட்டுகிறோம் என்றாள் றெஜினா. இன்று தமிழ் என்றால் நாளைக்குக் கிரேக்கம், மறுநாள் கிரெயோல் என்று விட்காம்ப் கவலைப்பட்டார். பாண்டைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவதையும், நிற்காத பாண்ட் உலகத்தில் வேறெங்கும் இல்லாததையும் பின்வரிசையில் ஒருவர் எடுத்துச் சொன்னார். அதுதான் உண்மையான காரணம் என்று றெஜினாவுக்கு அப்போதே விளங்கியது. நீட்டி முழக்காமல் ஆமா இல்லையா என்று சொல்லுங்கள் என்றாள்.

"நொன்," என்றார் பெல்ரோஸ். "நோ," என்றார் விட்காம்ப்.

நேரம் பார்ப்பவர் பழக்கதோஷத்தில் கடிகாரத்தை அமுக்கியிருந்தார். அதை உற்றுப் பார்த்தார், காதருகே வைத்துக் குலுக்கினார், எந்த மொழியும் எந்த மொழியையும் முந்தவில்லை என்று சபைக்கு அறிவித்தார். எட்டு வருடத்தில் முதல் தடவை. சிலர் கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டார்கள்.

"பாத்தியளே, ஒண்டா வருகுதுதானே," என்றாள் றெஜினா, தமிழில்.

விளங்காத பெல்ரோஸ், உபகுழு ஒன்று அமைத்து இலையுதிர் காலத்துக்குள் ஆராயலாம் என்றார். றெஜினா தான் இருந்த மடக்குக் கதிரையை மடக்கினாள். பட்டியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகும்படி அவர் சொன்னபோது முடிச்சை இன்னொருமுறை இறுக்கினாள். கதிரையைத் தூக்கிக்கொண்டு, குணேஸ்வரி இருந்த வாசல் கூடத்துக்கு வந்தாள்.

"பிள்ளை, உது சம்மேளனத்தின்ரை கதிரையெல்லே," என்று குணேஸ்வரி எழும்பினாள்.

"ஓம் அன்ரி. பேந்து கொண்டுவந்து தாறன்."

"எங்கை கொண்டுபோறாய்?"

"எட்டு வரியம் நடந்த கால். நிண்ட உடனை அக்காவுக்கு இருக்க வேணும்."

குணேஸ்வரி கதவைத் திறந்து பிடித்தாள். வெளியே, பாலத்தால் இறங்கி லொங்குய்ப் பக்கம் பாண்ட் வந்துகொண்டிருந்தது. பஸ் சாரதி எந்த நாளும் போல எஞ்சினை நிறுத்திவிட்டுப் பத்திரிகையை விரித்தார். றெஜினா கதிரையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உருகிய பனிச்சேற்றில் கால் வைத்து, நடுத்தெருவால் அவர்களை நோக்கி நடந்தாள்.