ஜீப்பில் கட்டிய தழை

அன்று மலையடிவாரத்து ஆலங்காயத்தில் சந்தை. நெல்லிவாசல்நாட்டின் அந்தச் சின்ன மலையூரில், நெல்லிக்காய்க் கூடைகளோடும் சாமை மூட்டைகளோடும் எட்டுப் பேர் விடியற்காலையிலேயே ஜீப்பைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஜீப் ஓட்டும் ரங்கனோ வண்டியைக் கிளப்பாமல் ஒரு புங்கந்தழைக் கொத்தை ஒடித்துவந்து முன்கம்பியில் கட்டிக்கொண்டிருந்தான்.

"பிரேக் ஆயில் ஒழுவுது. இன்னிக்கு வண்டி போவாது," என்றான்.

கூடையோடு நின்ற கெங்கம்மாளுக்கு ஆத்திரம். நேற்றுச் சாயங்காலம் இதே வண்டி நன்றாகத்தானே ஓடியது என்று கேட்டாள். நேற்று ஓட்டியதே தப்பு என்று சொல்லிவிட்டு ரங்கன் முடிச்சை இறுக்கினான். எட்டுப் பேரும் அவனை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, கூடைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஆனால் ஒருவர்கூட அந்தத் தழையை அவிழ்க்கச் சொல்லவில்லை. மலையில் அது வழக்கம். கிணற்றுத் தண்ணீர் கெட்டால் தழை, பாதை சரிந்தால் தழை. கட்டியவனே வந்து அவிழ்க்கும்வரை யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

ரங்கனின் மச்சினன் வேடியப்பன் வாசலில் நின்று இதையெல்லாம் வேடிக்கை பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். சாமை அறுப்புக்காக அக்கா மங்கம்மாள் வீட்டுக்கு லீவில் வந்திருந்தான். மெட்ராஸில் ஒரு பெரிய கம்பெனி முதலாளிக்குச் சொந்தமான எட்டு சீட் ஜெட் விமானத்தைப் பராமரிக்கும் இன்ஜினியர். விமானம் புறப்படும் முன் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று புத்தகத்தில் கையெழுத்துப் போடுவது அவன்தான். பெரிய கையெழுத்து! அந்தக் கையெழுத்தின் லட்சணம் இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரியப்போகிறது.

ஏழரை மணிக்குத் தபால்காரர் வந்தார். முந்தின நாளே தந்தி வந்துவிட்டது, இருட்டிவிட்டதால் பக்கத்து ஊரில் தங்கிவிட்டேன் என்றார். வேடியப்பன் பிரித்துப் படித்தான். பைலட் கோபால்சாமிக்கு திடீரென்று குடல்வால் ஆபரேஷன், வியாழக்கிழமை பதினொரு மணிக்கு முதலாளி குடும்பத்தார் ஐந்து பேரைப் புதிய பைலட் ராஜாக்கண்ணு பெங்களூருக்கு அழைத்துப் போகிறார், கருவி அலமாரியின் சாவி எங்கே இருக்கிறது? அவ்வளவுதான் செய்தி. சாவி வேடியப்பனின் சட்டைப் பையில் இருந்தது.

வியாழக்கிழமை என்றால் இன்று.

அந்த விமானத்தின் ஆட்டோபைலட் மூன்று மாதமாகப் பழுது. விமானத்தை ஒரே உயரத்தில் பிடித்துவைக்க வேண்டிய கருவி அது. பத்து நிமிஷம் ஒழுங்காகப் பிடிக்கும். அதற்கப்புறம் உள்ளே இருப்பவருக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கும். எச்சரிக்கை விளக்கும் எரியாது. கோபால்சாமி இதைக் கண்டுபிடித்த அன்றே வேடியப்பனிடம் சொன்னார். ஆனால் புத்தகத்தில் எழுதவில்லை. எழுதினால் வெளிநாட்டிலிருந்து சாமான் வரும்வரை விமானம் தரையில் நிற்கவேண்டும், முதலாளி குதிப்பார் என்று மேனேஜர் கையைப் பிசைந்தார். எனக்குத் தெரியும், நான் கையாலேயே ஓட்டிக்கொள்கிறேன் என்றார் கோபால்சாமி. வேடியப்பனும் தலையாட்டினான். மலையிலிருந்து போய் அந்த இடத்தில் உட்கார்ந்த முதல் ஆள் அவன். அந்த நாற்காலி போய்விடுமோ என்ற பயம். நாள் தவறாமல் "சரியாக இருக்கிறது" என்று கையெழுத்துப் போட்டான். விஷயம் தெரிந்தவர் ஓட்டும்வரை ஆபத்தில்லை என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டான். தெரிந்தவர் இன்று ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். தெரியாதவர், லீவுக்கு முன் அவன் போட்டுவைத்த கையெழுத்தை அந்தப் புத்தகத்தில் படித்து நம்பப்போகிறார்.

"மாமா, ஜீப்ப எடு. பதினோரு மணிக்குள்ள நான் போன் பண்ணணும்."

"பிரேக் இல்லடா."

"ஆறு உசுரு மாமா!"

"நம்ம ரெண்டு பேரும் ஏறினா எட்டு," என்றான் ரங்கன். "வளைவுல உருண்டுட்டா அந்தப் போனை யாரு பண்றது? கெளம்பு. குறுக்கு வழி எனக்குத் தெரியும்."

இறங்கினார்கள். மழை பெய்து வழுக்கும் ஒற்றையடிப் பாதை. மலை முழுக்க மேகம் மூடியிருந்தது. ரங்கன் முன்னால் போக, வேடியப்பன் இரண்டு முறை விழுந்து முழங்கால் கிழிந்து பின்னால் ஓடினான். ஓடியபடியே எல்லாவற்றையும் சொன்னான். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது அவனுக்கு. ஓர் ஓடையைத் தாண்டும்போது ரங்கன் திரும்பிப் பார்த்தான்.

"இந்த ஜீப்புக்கு நீதான் மெக்கானிக்குன்னு வெச்சிக்க. எங்கிட்ட மட்டும் பிரேக் இல்லன்னு சொல்லிட்டு, தழை கட்டாம நீ போயிருந்தா, நான் இல்லாதப்ப வேற ஒருத்தன் வண்டிய எடுத்திருப்பான் இல்ல?"

வேடியப்பன் ஓடையை ஒரே தாவில் தாண்டி ஓட்டத்தைக் கூட்டினான்.

ஆலங்காயம் தபால் ஆபீசுக்குள் அவர்கள் நுழைந்தபோது மணி பத்து ஐம்பது. போஸ்ட் மாஸ்டர் ஆதிநாராயணன், சேறும் ரத்தமுமாக வந்து நின்றவனைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்காமல் மெட்ராஸுக்கு லைட்னிங் கால் போட்டார். லைட்னிங் கால் என்றால் மின்னல் வேகம் என்று பெயர். அந்த மின்னல் வாணியம்பாடி எக்ஸ்சேஞ்சிலேயே இருபது நிமிஷம் நின்றுவிட்டது. வேடியப்பன் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு, யாரைக் கும்பிடுகிறோம் என்று தெரியாமலே கும்பிட்டுக்கொண்டிருந்தான். லைன் கிடைத்தபோது மணி பதினொன்று பத்து. விமானம் கிளம்பிவிட்டது என்றான் எதிர்முனையில் இருந்த மெக்கானிக்.

"கன்ட்ரோல் ரூமுக்கு ஓடு! ஆட்டோபைலட்ட ஆஃப் பண்ணச் சொல்லு. உயரம் இறங்குது, கையால ஓட்டச் சொல்லு. ஓடுய்யா!"

அதற்குமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தான். எங்கும் மேகம். சிறிது நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. அவன் தன் கையால் கழற்றிப் பூட்டிய என்ஜின்கள், அவனுக்குத் தெரியாதா? சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. அதற்கு எதிர்த் திசையிலிருந்து இன்னொரு சத்தமும் வந்தது. அது பெரிய பயணிகள் விமானம். இரண்டும் மேகத்துக்குள் ஒன்றாகிப் பிறகு பிரிந்து தேய்ந்தன. வேடியப்பன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். காத்திருந்த முக்கால் மணி நேரமும் ரங்கன் அவன் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

போன் வந்தது. பேசியவர் மேனேஜர். விமானம் பத்திரமாக இறங்கிவிட்டது என்றார். தொள்ளாயிரம் அடி இறங்கியிருந்ததாம். அது பறக்க வேண்டிய உயரத்துக்கு ஆயிரம் அடி கீழே எதிரில் அந்தப் பயணிகள் விமானம் வந்துகொண்டிருந்ததாம். ரேடியோவில் செய்தி வந்ததும் ராஜாக்கண்ணு சடாரென்று மேலே தூக்கியதில், முதலாளியின் தாயார் தலையில் அடிபட்டு நினைவில்லாமல் கிடக்கிறாராம். இரண்டு விமானங்களுக்கும் நடுவில் மிச்சம் இருந்தது வெறும் நூறு அடி, ஒரு பனைமர உயரத்துக்கு மேல் கொஞ்சம்.

வேடியப்பன் அழுதுவிட்டான். அதற்குள் மேனேஜர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். மேகத்தில் காற்று தூக்கிப் போட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், யாரும் எதையும் எழுதவேண்டாம், நாளைக்காலை விமானம் திரும்புகிறது, நீ பெங்களூர் பஸ் ஏறிப் போய் வழக்கம்போல் கையெழுத்துப் போட்டுவிடு என்றார். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் அந்த மனிதர்!

வேடியப்பன் ரிசீவரை வைத்தான். தந்திப் படிவங்கள் இரண்டு கேட்டு வாங்கினான். ஒன்று கம்பெனிக்கு, இன்னொன்று விமானங்களைக் கண்காணிக்கும் சர்க்கார் அதிகாரிக்கு. இரண்டிலும் ஒரே செய்தி: விமானத்தின் ஆட்டோபைலட் பழுது. மூன்று மாதமாகத் தெரியும். சரியாக இருக்கிறது என்று நான் போட்ட கையெழுத்துகள் பொய். பறக்க விடாதீர்கள்.

ஆதிநாராயணன் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, இத அனுப்பினா உன் லைசென்ஸ் போயிடும். கேஸ்கூட வரும். நல்லா யோசிச்சிக்கினியா?"

"அனுப்புங்க ஐயா. பழுது இருக்கிறதுல குத்தமில்ல. அத மறைச்சி, நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போடறதுதான் குத்தம். அந்தக் கையெழுத்த நம்பி ஏறுறவன் இன்னா பாவம் பண்ணான்? எங்க மாமா பிரேக் போன ஜீப்புக்குத் தழை கட்டினாரு. படிச்ச நானு கட்டல. இன்னிக்காவது கட்டறேன்."

தந்திக் கருவி கட்டுக் கடகட என்று தட்டத் தொடங்கியது. வேடியப்பன் கடைசி வார்த்தை போய்ச் சேரும்வரை அங்கேயே நின்றான். பிறகு ஒரு கவர் வாங்கி, கம்பெனி விலாசத்தை எழுதி, பையிலிருந்த அலமாரிச் சாவியை அதற்குள் போட்டு ஒட்டினான்.